சோதனைக்குப் படுக்கை எதற்கு?

"ஆஸ்பத்திரியில் படுத்தால் சம்பளம் போகுமே" என்று அஞ்சி, சோதனையைத் தள்ளிப்போடுவோர் நம்மில் பலர். அவர்களுக்கு ஒரு நல்ல வழியைச் சொல்லுகிறேன்.

சிங்கப்பூரின் வடகிழக்கில் உள்ள பொங்கோல் ஒரு காலத்தில் ரப்பர் மரங்களும் பன்றி, கோழிப் பண்ணைகளும் இருந்த இடம். இன்று அடுக்குமாடி நகரம். 2017-இல் அங்கே பலதுறை மருந்தகம் திறக்கப்பட்டது. 2018-இல் பக்கத்துச் செங்காங்கில் பொது மருத்துவமனை வந்தது. இரத்தச் சோதனை, எக்ஸ்ரே போன்றவை மருந்தகத்திலேயே முடிந்துவிடும். பெரிய சோதனைக்கு மட்டும் மருத்துவமனை.

அந்நாட்டில் 50 வயதானவர்கள் ஆண்டுதோறும் மலச் சோதனை செய்துகொள்ளும்படி அறிவுறுத்தப்படுகிறார்கள். அதில் இரத்தம் தெரிந்தால், குடலுக்குள் குழாய் விட்டுப் பார்ப்பார்கள். பெரும்பாலோர் காலையில் வந்து, சோதனை முடிந்து, மயக்கம் தெளிந்ததும் அன்றே வீடு திரும்புகிறார்கள்.

இதில் செலவு எப்படிக் குறைகிறது? படுக்கை என்றால் இரவுத் தாதியர், உணவு, சலவை எல்லாம் வேண்டும். பகல் பிரிவுக்கு இவை பெரும்பாலும் வேண்டியதில்லை. அவசர நோயாளிகளோடு கலந்திருந்தால், விபத்தில் அடிபட்டவருக்கே முதலிடம். சோதனைக்கு வந்தவர் இன்னொரு நாள் காத்துக் கிடப்பார். தனிப் பிரிவில் அந்தத் தொல்லை குறைவு.

ஒரு கணக்குப் பாருங்கள். கருவிக்கும் ஆட்களுக்கும் ஒரு நாளைக்கு 1,000 வெள்ளி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். ஐந்து பேருக்குச் சோதித்தால் தலைக்கு 200 வெள்ளி. பத்துப் பேருக்கென்றால் 100 வெள்ளிதான். ஆகவே, குறித்த நாளில் நீங்கள் வராவிட்டால் அந்த இடம் வீண். உங்களுக்குப் பின்னால் காத்திருப்பவருக்கும் நஷ்டம். வர இயலாவிட்டால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

சொன்ன நேரத்திலிருந்து உண்ணாதீர்கள். குடல் கழுவும் மருந்தை முழுதும் குடியுங்கள். குடல் சுத்தமாகாவிட்டால் சோதனையை மறுபடி செய்ய நேரும்; செலவும் இரட்டிப்பு. சர்க்கரைக்கோ இருதயத்துக்கோ மருந்து சாப்பிடுபவர்கள் முன்னதாகவே டாக்டரிடம் சொல்லுங்கள், தாமாக நிறுத்தக்கூடாது. துணைக்கு ஒருவரை அழைத்து வாருங்கள். அன்று மோட்டார் சைக்கிள் ஓட்டக்கூடாது.

முதியவர்களுக்கும் மிகவும் பலவீனமானவர்களுக்கும் படுக்கை தேவைப்படலாம். அதை டாக்டர் முடிவு செய்வார். மற்றவர்கள் தயங்காமல், "ஐயா, ஒரே நாளில் முடித்து வீட்டுக்குப் போகலாமா?" என்று கேளுங்கள். ஒரு நாள் சம்பளம் போனால் மறுபடி சம்பாதிக்கலாம். முற்றிய நோயோ குடும்பத்தையே சாய்த்துவிடும்.