தலைகீழாகச் சாப்பிடும் பறவை

ஒரு மார்கழிக் காலையில் கோடியக்கரைக்குப் போயிருந்தோம். வேதாரண்யத்தைத் தாண்டினால் உப்பளங்கள், அதையொட்டிச் சதுப்பு நிலம். கூட வந்த பெரியவர் பைனாகுலரைக் கண்ணில் வைத்தார்.

"என்ன தம்பி, எல்லாம் எங்கேயோ தள்ளிப் போகுது?"

திருப்பிப் பிடித்திருந்தார்!

சரியாகப் பிடித்ததும் பேச்சு நின்றுவிட்டது. எதிரே பூநாரைக் கூட்டம். ஒவ்வொன்றும் தலையைக் கவிழ்த்துச் சேற்றுத் தண்ணீரைத் துழாவிக்கொண்டிருந்தது. பூநாரை சாப்பிடும்போது மேல் அலகு கீழே போய்விடும். நாக்கு பம்பு மாதிரி தண்ணீரை உள்ளே இழுத்து வெளியே தள்ளும். அலகின் ஓரத்தில் சீப்புப் பல் போல ஒரு சல்லடை இருக்கிறது. பொடி இறாலும் பாசியும் அதில் தங்கிவிடும். அந்த இரையில் இருக்கிற நிறமிதான் இறகுக்கு ரோஜா நிறம் தருகிறது. குஞ்சாக இருக்கும்போது வெறும் சாம்பல் நிறம்தான்.

"முழங்கால் பின்பக்கமா மடங்குதே?" என்றார் பெரியவர். அது முழங்கால் இல்லை, கணுக்கால். முழங்கால் மேலே இறகுக்குள் ஒளிந்திருக்கிறது.

கரையோரம் கொசு உள்ளான்கள் ஓடிக்கொண்டிருந்தன. பேர்தான் கொசு. முப்பது கிராம்கூடத் தேறாத அந்தப் பறவை ஆர்க்டிக் பக்கம் முட்டையிட்டுவிட்டு, குளிருக்கு இங்கே வந்துவிடுகிறது.

1967இல் சரணாலயமான இடம் இது. 2002இல் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது.

வெயில் ஏறியதும் கிளம்பினோம். பைனாகுலரை மட்டும் பெரியவர் கடைசிவரை திருப்பித் தரவில்லை.