'மா': ஒரு சொல், பல மொழிகள்

நன்னூல் எண்ணிச் சொல்லும் 42 ஓரெழுத்து ஒருமொழிகளுள் 'மா' ஒன்று. மாமரமும் அரிசி மாவும் 'மா'தான். விலங்கு, அதிலும் குதிரை, பழந்தமிழில் 'மா' எனப்பட்டது. பெருமைப் பொருள் தரும் உரிச்சொல்லாகவும் அது வரும். பின்னக் கணக்கில் இருபதில் ஒரு பங்கு 'மா'. ஒரு வேலி நிலத்தில் அந்தப் பங்கை, ஏறத்தாழ 33 சென்ட்டை, தஞ்சை உழவர்கள் ஒரு மா என்பர்.

மாண்டரின் சீனத்தில் தொனி மாற மாற 'மா' தாய், சணல், குதிரை, திட்டுதல் எனப் பொருள் மாறும். வியட்நாமியத்தில் ஆறு தொனிகள்; பேய், கல்லறை, நாற்று ஆகிய மூன்றும் இந்த ஓரசைக்குள் அடங்குகின்றன. ஃபின்னிஷ் மொழியில் 'மா' நிலம்; இத்தாலியத்தில் 'ஆனால்'; சமஸ்கிருதத்தில் 'வேண்டாம்' என விலக்கும் சொல்.

தமிழில் தொனி இல்லை. அது செய்யும் வேலையில் ஒரு பகுதியைப் புணர்ச்சி செய்கிறது. வருமொழி முதலில் ககரம் வரும் மூன்று இடங்களைப் பார்த்தாலே இது விளங்கும். மரமானால் மெல்லெழுத்துத் தோன்றி மாங்கனி. மாவானால் வல்லெழுத்து மிகுந்து மாக்கோலம். பெருமையானால் எதுவும் மிகாமல் மாகடல். இலக்கண நூலார் இதை விதியாக்கியது நுட்பமான செவிக்குச் சான்று.

சீனத்திலும் தமிழிலும் குதிரை 'மா' ஆனது தற்செயல். இதழ் மூடினால் மகரம், வாய் திறந்தால் ஆகாரம். இவ்விரண்டும் இல்லாத மொழி அரிது. இவ்வளவு எளிய ஓரசை வடிவங்கள் எந்த மொழியிலும் சிலவே என்பதால் இத்தகைய மோதல் நேர்ந்தே தீரும். இதை வைத்து மொழியுறவு பேசுவது பிழை. உறவுக்குச் சான்று, சொல்லுக்குச் சொல் ஒரே முறையில் திரும்ப வரும் ஒலி மாற்றம். பால், பல், பள்ளி ஆகியவை கன்னடத்தில் ஹாலு, ஹல்லு, ஹள்ளி ஆவது அத்தகையது.

தாயைக் குறிக்கும் சொற்களில் மகரம் மிகுந்திருப்பது மட்டும் வெறும் தற்செயல் அன்று. பால் குடிக்கும் குழந்தை வாய் நிறைந்த நிலையில் எழுப்பக்கூடியது மூக்கொலியே என்றும், அதுவே பின்னர்த் தாயை அழைக்கும் சொல்லாகிறது என்றும் ரோமன் யாக்கப்சன் 1960-இல் வெளியான கட்டுரையில் விளக்கினார். ஆனால் எந்தக் குழந்தையொலிக்கு எந்தப் பொருள் என்பதை அந்தந்தச் சமூகமே வகுக்கிறது: ஜார்ஜிய மொழியில் 'மாமா' தந்தை, 'தேதா' தாய்.

மொழிகளிடையே சொற்கள் ஒத்திருக்க இன்னொரு வழி கடன். மாங்காய் என்பதன் மலையாள வடிவமான 'மாங்ஙா'வைப் போர்ச்சுகீசியர் மேலைக் கடற்கரையில் கேட்டு 'மாங்கா' என்றனர். அது ஆங்கிலத்தில் 'மேங்கோ' ஆயிற்று. அதன் நடுவில் ஒலிக்கும் 'ங்', 'மா' காயோடு புணர்ந்தபோது தோன்றிய மெல்லெழுத்தே.