எரிபொருள் தீர்கிறது என்று சொன்ன பிறகும்

 

1990 ஜனவரி 25 இரவு, கொலம்பியாவிலிருந்து நியூயார்க் வந்த அவியாங்கா 52 விமானம் லாங் ஐலண்டின் கோவ் நெக் என்ற ஊரில் விழுந்தது. 158 பேரில் 73 பேர் மாண்டனர். மோசமான வானிலையால் அதை வானிலேயே மூன்று இடங்களில், மொத்தம் 77 நிமிடம் வட்டமடிக்க வைத்திருந்தார்கள். விழுந்தபின் தீப்பிடிக்கக்கூட அதில் எரிபொருள் இல்லை.

அந்த இரவின் உரையாடல் ஒலிப்பதிவின் எழுத்து வடிவத்தைப் படிக்கும்போதெல்லாம் மனம் பதைக்கிறது. மாற்று நிலையமான பாஸ்டனுக்கு இனிப் போக முடியாது, எரிபொருள் தீர்ந்துவிடும் என்று ஒரு கட்டுப்பாட்டாளரிடம் முன்பே சொன்னார்கள். அந்தச் செய்தி முழுதாக அடுத்தவரிடம் போய்ச் சேரவில்லை. முதல் முறை இறங்க முடியாமல் மேலே எழும்பியபோது, எமர்ஜென்சி என்று சொல் என்கிறார் தலைமை விமானி, ஸ்பானிய மொழியில். துணை விமானி ரேடியோவில் திசை எண்ணைத் திருப்பிச் சொல்லிவிட்டு, மறுபடி முயல்கிறோம், எரிபொருள் தீர்ந்துகொண்டிருக்கிறது என்று சேர்க்கிறார். சொன்னாயா என்று தலைமை விமானி மறுபடி கேட்க, சொல்லிவிட்டேன் என்கிறார். எமர்ஜென்சி என்ற சொல் மட்டும் ரேடியோவில் ஒலிக்கவே இல்லை. சற்று நேரத்தில் கட்டுப்பாட்டாளர் கேட்கிறார்: வடகிழக்கே 15 மைல் கொண்டுபோய்த் திருப்புகிறேன், உங்கள் எரிபொருளுக்குச் சரிப்படுமா? சரிப்படும் என்றுதான் நினைக்கிறேன், மிக்க நன்றி என்று பதில் போகிறது. பிறகு எஞ்சின்கள் ஒவ்வொன்றாக நின்றன.

விசாரணை அறிக்கை முதற்பொறுப்பை விமானிகள்மீதே வைத்தது. எரிபொருள் நெருக்கடியைச் சொல்ல இருதரப்புக்கும் பொதுவான சொற்கள் இல்லாததையும் அது குறித்தது. ‘மினிமம் ஃப்யூயல்’, ‘மேடே ஃப்யூயல்’ என்ற அறிவிப்புகள் பன்னாட்டு விதிகளில் இடம்பெற 2012 வரை ஆயிற்று. இவ்வளவு காலம் எடுத்திருக்கவே கூடாது.

இத்தகைய விபத்து நடந்தாலே ஆங்கிலம் போதவில்லை என்று பேசி முடித்துவிடுகிறோம். 2008 முதல் பன்னாட்டு விமானிகளுக்கும் கட்டுப்பாட்டாளர்களுக்கும் மொழித் திறனில் நான்காம் நிலை கட்டாயம். அது தேவைதான். ஆனால் ஆங்கிலம் நன்கு தெரிந்தவர்களுக்கும் இது நேரும்: 1989 பிப்ரவரி 19 அன்று கோலாலம்பூரின் சுபாங் விமான நிலையத்தில் இறங்க வந்த சரக்கு விமானம் ஓர் அமெரிக்க நிறுவனத்துடையது. கட்டுப்பாட்டாளர் 2400 அடிக்கு இறங்கச் சொல்லி, ‘டூ ஃபோர் ஸீரோ ஸீரோ’ என்று இலக்கம் இலக்கமாகச் சொன்னார். முதல் ‘டூ’வை ‘வரை’ என்று பொருள்படும் ‘டு’ என்று எடுத்துக்கொண்ட விமானி, 400 என்றே திருப்பிச் சொன்னார். அதைக் கட்டுப்பாட்டாளர் திருத்தவில்லை. விமானம் குன்றில் மோதி நான்கு பேரும் இறந்தனர். ‘டூ தவுசண்ட் ஃபோர் ஹண்ட்ரட்’ என்று சொல்லியிருந்தால் இந்தக் குழப்பத்துக்கு இடமே இருந்திருக்காது.

கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்லும் ரீட்பேக் முறை பிழையைப் பிடிக்கத்தான் வந்தது. சுபாங்கில் பிழை கட்டுப்பாட்டாளரின் காதுக்கே திரும்பி வந்தது. சொல்வதற்குப் பயிற்சி தருகிறோம். திரும்பி வருவதைக் கேட்பதற்கு அந்த அளவு தருவதில்லை. ரேடியோவில் பேசுபவர் ஒருவர், விமானத்தை ஓட்டுபவர் வேறொருவர் என்ற நிலை இதை இன்னும் சிக்கலாக்குகிறது. 1996 நவம்பர் 12இல் 349 உயிர்களைக் கொண்டுபோன சர்க்கி தாத்ரி நடுவான் மோதலிலும், டெல்லியில் இறங்கிக்கொண்டிருந்த கஜகஸ்தான் விமானத்தில் அந்த நிலைதான். 15,000 அடி என்ற உத்தரவை ரேடியோ இயக்குநர் ஏற்றார். விமானம் அதற்கும் கீழே போயிற்று.

ஆகவே இந்த மாநாட்டின் கட்டுரைகள் செவியைப் பற்றியும் பேசட்டும். ஒரே நேரத்தில் பல விமானங்களைக் கையாளும் கட்டுப்பாட்டாளருக்குத் திருப்பிச் சொல்லப்படும் எண் எந்த நிலையில் காதில் விழாமல் போகிறது? பிழை காதில் விழுந்தபின் மூத்தவரிடம் அதை மறுத்துப் பேசும் துணிவை எப்படிக் கற்பிப்பது? இவற்றை ஆராயுங்கள்.

இளம் கட்டுப்பாட்டாளர்களே, ஒரு விமானி எரிபொருள் என்று வாய் திறந்தால், இன்னும் எத்தனை நிமிடத்துக்கு இருக்கிறது என்று உடனே கேளுங்கள். இளம் விமானிகளே, ஆபத்து என்றால் தயங்காமல் ‘மேடே’ என்று மூன்று முறை சொல்லுங்கள்.