நோயுற்ற பிள்ளையின் கட்டிலருகே



ஒரு வீட்டிலே பிள்ளை கடும் நோயுற்றுப் படுக்கையிற் கிடக்குமாயின், அந்த வீட்டாருக்கு இரவும் பகலும் ஒன்றாகிவிடுகின்றன. தாயானவள் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கின்றாள். தந்தையோ வைத்தியர் வாய் திறக்குமுன்னரே அவர் முகக்குறிப்பில் விடை தேடுகின்றார். அத்தகைய வேளையிலே பெற்றோரின் உள்ளத்தில் இரண்டு வினாக்கள் எழுவது வழக்கம். "இந்தப் பிள்ளைக்கு இப்படி வர நாங்கள் என்ன பாவஞ் செய்தோம்?" என்பது ஒன்று. "எங்கள் விசுவாசங் குறைந்தபடியாலோ நோய் தீரவில்லை?" என்பது மற்றொன்று. ஆறுதல் சொல்ல வரும் அயலவர் சிலர் இவ்வினாக்களை இன்னுங் கூர்மையாக்கிவிட்டுப் போவதும் உண்டு.

முதலாவது வினாவுக்குக் கிறிஸ்து நாதர் நேராகவே விடை கூறியிருக்கின்றார். பிறவிக் குருடன் ஒருவனைக் கண்ட சீடர்கள், அவன் அவ்வாறு பிறந்தது அவன் செய்த பாவத்தாலோ, பெற்றோர் செய்த பாவத்தாலோ என்று கேட்டார்கள். இரண்டுமே காரணமல்ல என்று அவர் மறுத்ததை யோவான் சுவிசேஷத்தின் ஒன்பதாம் அதிகாரத்திற் காண்கின்றோம். பிள்ளையின் நோயைக் காட்டிப் பெற்றோரைக் குற்றவாளிகளாக்கும் வழக்கத்துக்கு அங்கே இடமில்லை.

இரண்டாவது வினாவுக்கு மாற்கு சுவிசேஷத்திலே ஒரு தகப்பன் நமக்கு உதவுகின்றான். சிறு வயது முதலே வலிப்புக் கண்டு, தீயிலும் தண்ணீரிலும் விழுந்து துன்புற்ற தன் மகனை அவன் ஆண்டவரிடங் கொண்டுவந்தான். தன்னிடம் விசுவாசமும் உண்டு, அவிசுவாசமும் உண்டு என்பதை அவன் ஒளிக்கவில்லை. உள்ளதை உள்ளபடி சொல்லி உதவி வேண்டினான். ஐயந் தெளிந்த பின் வா என்று ஆண்டவர் அவனைத் திருப்பி அனுப்பவில்லை. பிள்ளை அப்பொழுதே குணமடைந்தான். ஆகவே, விசுவாசமென்பது குணத்துக்காக நாம் அளந்து செலுத்தும் விலையன்று.

ஆயினும் நேயர்களே, எல்லாப் பிள்ளைகளும் அவ்வாறு எழுந்து நடப்பதில்லை. மன்றாடிய பின்னரும் பிள்ளையை இழந்த பெற்றோர் அநேகர். அவர்களுடைய விசுவாசத்துக்கு என்ன பொருள்? இதற்கு விடை தேடுங்கால், ஜேர்மனி நாட்டு விற்றன்பேர்க் நகரிலே வாழ்ந்த மார்ட்டீன் லூதரின் இல்லத்தை நினையாமலிருக்க முடியாது. திருச்சபைச் சரித்திரத்தில் அவரைப்பற்றிய கருத்து வேறுபாடுகள் உண்டு. அவற்றை இன்று நாம் பேசப்போவதில்லை. அவர் ஒரு தந்தையாக நின்ற இடத்தை மாத்திரம் பார்ப்போம்.

1521 ஆம் ஆண்டிலே வோர்ம்ஸ் நகரில் ஐந்தாம் சாள்ஸ் சக்கரவர்த்தியின் முன்னிலையிலே, தாம் எழுதியவற்றைக் கைவிட மறுத்து நின்றவர் லூதர். 1527 இல் விற்றன்பேர்க்கிலே கொள்ளைநோய் பரவியபோது, பலர் நகரை விட்டு அகன்றனர். அவரோ அங்கேயே தங்கி நோயாளரைப் பராமரித்தார். அக்காலத்தில் அவர் எழுதிய சிறு நூலொன்றிலே, மருந்தைப் பயன்படுத்த வேண்டும் என்றும், வீட்டையும் தெருவையும் புகையிட்டுச் சுத்திகரிக்க வேண்டும் என்றும் அறிவுரை கூறினார். கடவுளை நம்புகிறவன் மருந்தை இகழவேண்டுமென்று அவர் கருதவில்லை.

அடுத்த ஆண்டிலே அவருடைய மகள் எலிசபெத், எட்டு மாதக் குழந்தையாயிருக்கையில் இறந்தாள். ஒரு தகப்பனின் உள்ளம் பிள்ளைக்காக இவ்வளவு இளகுமென்று தாம் முன்பு நினைத்ததேயில்லை என்று அவர் நண்பரொருவருக்கு எழுதினார்.

பின்னர் 1542 ஆம் ஆண்டு செப்டெம்பரிலே, பதின்மூன்று வயது நிரம்பிய மகள் மக்தலேனா கடும் நோய்வாய்ப்பட்டாள். அவளுடைய தமையன் ஹான்ஸ் அப்போது தோர்கௌ நகரிலே கல்வி பயின்றுகொண்டிருந்தான். தமையனைக் காணவேண்டுமென்று தங்கை ஏங்குவதைக் கண்ட லூதர், வண்டியனுப்பி மகனை அழைப்பித்தார். காரணத்தை அவனுக்குச் சொல்லவேண்டாமென்று ஆசிரியரைக் கேட்டுக்கொண்டார். வழியிலே பிள்ளை கலங்கக்கூடாதென்ற எண்ணம் போலும்.

இந்தப் பூமியிலுள்ள தகப்பனோடு இருக்க விருப்பமா, பரலோகத்திலுள்ள தகப்பனிடம் போகவும் விருப்பமா என்று அவர் மகளைக் கேட்டார். கடவுளின் சித்தப்படியே ஆகட்டும் என்பது அவள் கூறிய மறுமொழியின் பொருள். தாய் கத்தரீனா துயரந் தாளாமல் கட்டிலுக்குச் சற்று அப்பால் நின்றாள். சக்கரவர்த்தியின் முன் தளராத லூதர் கட்டிலருகே முழந்தாளிட்டுக் கண்ணீர் விட்டு ஜெபித்தார். செப்டெம்பர் 20 ஆந் திகதி தகப்பனின் கைகளிலே மக்தலேனாவின் உயிர் பிரிந்தது.

மூன்று நாள்களின் பின் அவர் நண்பர் யுஸ்துஸ் யோனாசுக்கு ஒரு கடிதம் எழுதினார். தானும் மனைவியும் கடவுளுக்கு நன்றி கூறவேண்டியவர்கள். ஆனால் பிள்ளைப் பாசம் அவ்வளவு வலியதாயிருப்பதால் அழாமல், பெருமூச்செறியாமல் அதைச் செய்ய இயலவில்லை என்பதே அதன் சாரம். மகள் உயிர்த்தெழுவாள் என்பதில் அவருக்குச் சந்தேகமில்லை. ஆயினும் அந்த நம்பிக்கை கண்ணீரை நிறுத்திவிட்டதென்று அவர் நடிக்கவுமில்லை.

இவற்றுள் எது பெரிய தைரியம்? அரச சபையிலே நின்ற தைரியத்தை உலகம் புகழ்கின்றது. அங்கே கொள்கை இருந்தது. எதிர்க்க ஆட்களும் இருந்தனர். நோயுற்ற பிள்ளையின் அருகிலோ எதிர்ப்பதற்கு ஒருவருமில்லை. மருந்தைக் கொடுத்து, தலையணையைத் திருத்தி, பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு, நாளை என்ன வருமென்று அறியாமலே அங்கே இருக்கவேண்டும். அழுதுகொண்டே இருக்கலாம், ஆனால் எழுந்து ஓடாமல் இருக்கவேண்டும். கிறிஸ்தவ விசுவாசம் தரும் தைரியம் இதுதான் என்று நான் எண்ணுகின்றேன். லாசருவின் கல்லறையருகே கண்ணீர் விட்ட ஆண்டவரைப் பின்பற்றுகிறவர்கள், தங்கள் கண்ணீருக்காக நாணவேண்டியதில்லை.

நேயர்களே, இந்த வேளையிலே வைத்தியசாலையிலோ வீட்டிலோ ஒரு பிள்ளையின் அருகே விழித்திருந்து, வானொலியைத் தாழ்த்தி வைத்துக் கேட்டுக்கொண்டிருப்பவர்கள் உங்களிற் சிலர் இருக்கக்கூடும். நீங்கள் வைத்தியரின் சொற்படி செய்யுங்கள். பிள்ளை நலம்பெற வேண்டுமென்று வாய்விட்டுக் கேளுங்கள்; அப்படிக் கேட்பது பிள்ளையின் உரிமையும் பெற்றோரின் உரிமையுமாகும். சொல் வராவிடின் மௌனமாயிருங்கள், அதுவும் ஜெபமே. அயலிலுள்ள நாங்களோ காரணங் கூறச் செல்லாமல், ஒரு வேளை உணவோடு சென்று, அந்தத் தாய் சிறிது நேரம் உறங்கும்வரை பிள்ளைக்குக் காவலிருப்போமாக.