ஃபெக்னரின் இருட்டறை

ஜெர்மனியின் லைப்சிக் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியராக இருந்தவர் குஸ்டாவ் ஃபெக்னர். கண்ணை மூடிய பிறகும் மிஞ்சி நிற்கும் நிறங்களை ஆராய, வண்ணக் கண்ணாடி வழியே சூரியனையே பார்த்தார். ஏற்கெனவே ஓயாத எழுத்து வேலையில் களைத்த உடம்பு. 1840 வாக்கில் கண் கெட்டது, மனமும் உடைந்தது. வேலையை விட்டுவிட்டு இருட்டறையில் முடங்கினார். வெளிச்சம் தாங்காது, சாப்பாடு இறங்காது. எண்ணங்கள் தன் பிடிக்குள் நிற்கவில்லை என்று பின்னாளில் அவரே எழுதினார்.

1843 அக்டோபரில் கண்ணில் கட்டியிருந்த துணியை அவிழ்த்துவிட்டுத் தோட்டத்துக்குப் போனார். பூக்களெல்லாம் ஒளிர்வதுபோல் தெரிந்தன. செடிகளுக்கும் ஆன்மா உண்டென்று 1848இல் புத்தகமே எழுதினார். அதை ஒதுக்குபவர்கள் உண்டு. எனக்கு அதில் மீண்டு வந்தவரின் நன்றிதான் தெரிகிறது.

1850 அக்டோபர் 22, காலை. படுக்கையில் இருந்தபடியே ஒரு யோசனை: மனத்தின் உணர்வை அளந்தால் என்ன? ஒரு மெழுகுவர்த்தி எரியும் அறையில் இன்னொன்றை ஏற்றினால் சட்டென்று தெரியும்; நூறு எரியும் இடத்தில் தெரியாது. உணர்வு படிப்படியாகக் கூட வேண்டுமென்றால், தூண்டல் மடங்கு மடங்காகப் பெருக வேண்டும் என்று கணக்கு வகுத்தார். அதை விரித்து 1860இல் அவர் எழுதிய நூல், உளவியல் ஆய்வுக்கூடங்களுக்கு வழி திறந்தது. அக்டோபர் 22ஐ அத்துறையினர் இன்றும் ஃபெக்னர் நாளாகக் கொண்டாடுகிறார்கள்.