குணத்துக்கு பாஸும் இல்லை, பெயிலும் இல்லை
(தோட்ட இளைஞர், யுவதிகள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஒரு காலத்தில் நம்மவரில் யார் நல்ல வேலையாள், யார் குழப்பக்காரர் என்று துரையிடம் சொன்னவர் கங்காணி. இன்று கொழும்புக்கு வேலைக்குப் போகும் நம் பிள்ளைகளிடம் அதை ஒரு வினாத்தாள் கேட்கிறது. "தனியாக இருக்க விருப்பமா? மேலதிகாரி பிழை செய்தால் எதிர்த்துப் பேசுவீர்களா?" என்று கேள்விமேல் கேள்வி. இதற்கு ஆளுமைப் பரீட்சை என்று பெயர். அதை எழுதி வேலை கிடைக்காத ஒரு பிள்ளை என்னிடம், "தலைவர், என் குணத்தில் என்ன குறை?" என்று கேட்டது. குறை ஒன்றுமில்லை, மகள். அதைச் சொல்லத்தான் வந்தேன்.

பொறுப்பாக வேலை செய்யும் பழக்கத்தை இப்படியான பரீட்சைகள் ஓரளவு காட்டலாம். அதற்கு மேல் நம்ப முடியாது. மனிதரை 16 வகையாகப் பிரிக்கும் மயர்ஸ்-பிரிக்ஸ் பரீட்சை உலகெங்கும் பிரபலம். ஆனால் ஆள் சேர்க்க அதைப் பயன்படுத்தக் கூடாது என்று அதை விற்கும் கம்பனியே சொல்கிறது.

அமெரிக்காவில் ரென்ட்-ஏ-சென்டர் என்ற கம்பனி, முகாமையாளர் பதவி கேட்ட தொழிலாளருக்கு ஒரு பரீட்சை வைத்தது. அதில் 502 கேள்விகள், மனநோயைக் கண்டறிய மினசோட்டா பல்கலைக்கழகத்தில் உருவான வினாத்தாளிலிருந்து எடுக்கப்பட்டவை. மூன்று சகோதரர்கள் வழக்குப் போட்டார்கள். இது மருத்துவப் பரிசோதனை, பதவியுயர்வுக்கு வைத்தது சட்டவிரோதம் என்று 2005இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கேள்வி கேட்டவர்களிடமே திருப்பிக் கேள்வி கேட்டு வென்றார்கள்.

நமக்கும் சட்டம் உண்டு. தொழிற்சங்கத்தில் சேரும் உரிமையை அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை தருகிறது. சங்கத்தில் சேரக்கூடாது என்று வேலைக்கு நிபந்தனை வைப்பதை 1999ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கக் கைத்தொழிற் பிணக்குகள் திருத்தச் சட்டம் தடுக்கிறது. ஆகவே "சங்கங்களைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்?" என்று வினாத்தாளில் இருந்தால், அந்தக் கேள்வியைக் குறித்துக்கொண்டு நம்மிடம் வாருங்கள்.

பிள்ளைகளே, நான்கு விஷயம் நினைவில் வையுங்கள். உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். ஒரே கேள்வியை மாற்றி மாற்றிக் கேட்டுப் பொய்யைப் பிடிக்கும் பரீட்சைகளும் உண்டு. தமிழில் வினாத்தாள் இருக்கிறதா என்று கேளுங்கள். பாஷை விளங்காமல் எழுதிய பதில் உங்கள் குணம் ஆகாது. பெறுபேற்றை யார் பார்ப்பார், எவ்வளவு காலம் வைத்திருப்பார் என்று கேளுங்கள். வேலையில் சேர்ந்தபின் "பயிற்சிக்காக" என்று சொல்லி எழுதச் சொன்னால், அது பதவியுயர்வையோ சம்பளத்தையோ பாதிக்காது என்று எழுத்தில் வாங்குங்கள்.

தனியாகக் கேட்கப் பயமாக இருந்தால் சங்கத்தோடு சேர்ந்து கேளுங்கள். பனியிலும் மழையிலும் மலையேறிக் கொழுந்தெடுத்து உங்களைப் படிக்கவைத்தவர்களின் பிள்ளைகள் நீங்கள். அந்த உழைப்பு எந்த வினாத்தாளிலும் ஒரு கேள்வியாக வராது. ஆனால் உங்கள் குணம் அங்கேதான் உருவானது. தலை நிமிர்ந்து போங்கள்.