மூன்று தகரங்கள் கற்பிக்கும் பாடம்

மழை ஓய்ந்ததும் நம் மலைநாட்டு ஓடைகள் செந்நிறமாய் ஓடுவதைக் காண்கிறோம். "தண்ணீர் கலங்கிப் போகிறது" என்று சொல்லி நடந்துவிடுகிறோம். போவது தண்ணீர் மட்டுமன்று. பயிரை வளர்க்கும் மேல்மண்ணும் போகிறது. 19ஆம் நூற்றாண்டிலே கோப்பிக்காகவும், பின்னர் தேயிலைக்காகவும் காடுகள் வெட்டப்பட்ட நாள் தொட்டு இச்சரிவுகள் மண்ணை இழந்து வருகின்றன. இதைத் தடுக்க 1951ஆம் ஆண்டிலேயே மண் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. ஆயினும், சட்டத்தால் மட்டும் மண் நிற்பதில்லை. மண்ணை அறிந்த கைகளும் வேண்டும்.

அவ்வறிவைச் சிறுவர்க்கு எவ்வாறு ஊட்டுவது? மண்ணரிப்பின் வரைவிலக்கணத்தை மனனம் செய்வித்தால், பரீட்சையோடு அது மறந்துபோகும். ஆகையால் மூன்று பழைய பிஸ்கற் தகரங்களை எடுப்போம். ஒரு பக்கத்தை நாமே வெட்டிக்கொடுத்து, மூன்றிலும் ஒரே மண்ணை நிரப்பச் செய்வோம். ஒன்றை வெறுமையாக விடுவோம். ஒன்றின்மேல் சருகு பரப்புவோம். மற்றொன்றில் புல் நட்டுச் சில வாரம் வளர்ப்போம். பின்பு மூன்றையும் ஒரே சாய்வில் வைத்து, ஒரே அளவு நீரைப் பூவாளியால் சிறுவரே ஊற்றட்டும். வழியும் நீரைக் கண்ணாடிக் குவளைகளில் ஏந்தட்டும்.

வெறுமண்ணின் நீர் நன்கு கலங்கியிருக்கும், மற்றவை தெளிவாயிருக்கும். "ஏன்?" என்று பிள்ளைகளே கேட்பர். மழைத்துளியின் மோதலைச் சருகு தாங்குகிறது, வேர் மண்ணைப் பற்றுகிறது என்று அப்போது சொன்னாற் போதும்.

அடுத்து அவர்களைச் சரிவுக்கு அழைத்துச் செல்வோம். தோட்டத்தில் கான் வெட்டிய முதியவர் ஒருவரை அங்கே ஆசிரியராக்குவோம். கான் ஏன் நேரே கீழிறங்காமல் சரிவுக்குக் குறுக்கே செல்கிறது என்பதை அவர் விளக்கட்டும். தம் பாட்டனாரின் மண்வெட்டிக்குள்ளும் விஞ்ஞானம் இருந்ததைப் பிள்ளைகள் உணர்வர்.

2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுள் புதைந்ததை நாம் மறக்கவில்லை. மண்ணரிப்பு வேறு, மண்சரிவு வேறு. தகரத்துப் புல் மலை சரிவதைத் தடுக்காது. ஆனால், நீரின் வழியைக் கவனிக்கப் பழகிய பிள்ளை, நிலத்திலே புதிய வெடிப்பையோ, திடீரெனக் கலங்கும் ஊற்றையோ கண்டால் ஓடிவந்து சொல்லும். அச்சொல்லுக்குச் செவிகொடுத்து, உடனே இடம் பெயர்வது பெரியோராகிய நம் கடமை.

அடுத்த பருவமழைக்கு முன்னே, நாம் ஒவ்வொருவரும் ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பிள்ளைகளுக்காக ஒதுக்குவோமாக.